ஒத்திவைப்பு வால்ட்ஸ்

ஹம்பேர்க்
18.02.2004

அன்புள்ள தீசன் அண்ணாவுக்கு,

நானும் டோர்ட்மண்டில் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் இருக்கும் இடத்துக்கு எழுதி சுகம் விசாரிப்பது முறையா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சளி எப்படி? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அறை சூடாக இருக்கிறதா?

தடுப்பு முகாமின் விலாசத்தை அம்மா நேற்றுத்தான் தந்தார். போன் எடுத்தாலும் கூப்பிட்டுத் தருவார்களாம். எனக்குப் போனில் கதைக்க வராது என்பது பெரியம்மாவின் பிள்ளையான உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைக்குப் பத்தே முக்கால் றெயினில் வந்திறங்குவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குப் பொலிஸ் போன் எடுத்தது. ஒத்திகை நடந்துகொண்டிருந்தது, சுற்றிவர இருபத்தெட்டுப் பேர். சரியாகக் கதைக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடன விருந்து குறையில்லாமல் நடந்தது. சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் வருடாவருடம் நடத்துகிற விருந்து அது. எங்கள் வாத்தியக் குழு அந்த வால்ட்ஸ் நடன இசையை இரண்டு தடவை வாசித்தது. நான் இசைத்தாள் இல்லாமலே வாசித்தேன். பழகிப் பழகி மனப்பாடம் ஆகியிருந்தது என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நான் டோர்ட்மண்டில் மறந்துவிட்டு வந்த, என் வயோலா வாத்தியத்துக்கான அந்தத் தாள் உங்கள் பையில்தானே இருக்கும்? நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கையெழுத்துப் பிரதி. வேறு பிரதி கிடையாது. குழுவின் தாள்களைப் பாதுகாக்கும் லூடர்ஸ் என்ற கிழவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் என் முன்னால் வந்து நிற்கிறார். ஏப்ரல் முப்பதாம் தேதி இன்னொரு நடன விருந்தில் அதை மறுபடியும் வாசிக்கிறோம். முடிந்தால் அனுப்பிவிடுங்கள். மடிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
சுஜானி


26.02.2004

அன்பான தங்கச்சிக்கு,

அண்ணா எழுதுறன். நல்ல சுகம். சளி மாறிப்போச்சு. சாப்பாடு உருளைக்கிழங்கு. அடுத்த நாள் அதே உருளைக்கிழங்கு வேற உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். அறை நல்ல சூடு, குறைக்கத்தான் ஏலாது. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?

நடந்தது இதுதான். றெயினால இறங்கிப் பத்தடி நடந்திருக்கமாட்டன், ரெண்டு பொலிஸ். அத்தினை சனத்துக்க அவைக்கு என்னைத்தான் வடிவாத் தெரிஞ்சிருக்கு. பேப்பரைக் குடுத்தன். என்ர விசா டோர்ட்மண்ட் இருக்கிற மாநிலத்துக்கு மட்டும், வெளியில போறதெண்டால் அனுமதித் துண்டு வேணும் எண்டு அதிலயே கொட்டை எழுத்தில கிடக்கு. வெள்ளி பின்னேரம் நீ தாளைக் கொண்டு வரச்சொல்லிப் போன் எடுக்கேக்க, துண்டு குடுக்கிற கந்தோர் பூட்டியாச்சு. "ஒரு நாள்தானே அண்ணா, சனிக்கிழமை ஆர் பாக்கப்போகினம்" எண்டனி. நானும் ஓம் எண்டு வெளிக்கிட்டன். ஆறு வருஷமா துண்டில்லாமல் ஒருக்காலும் வெளிக்கிடாதவன்.

பையைக் கொட்டிப் பாத்தவை. சின்னம்மா உனக்குத் தந்துவிட்ட கறிப்பொதி, உன்ர தாள், பிறகு பேக்கரியில என்னோட வேலை செய்யிற அந்தோனிப்பிள்ளை அண்ணையின்ர கறுப்புக் கோட்டு. விருந்தை மேல்மாடத்தில நிண்டு பாக்கலாம் எண்டு நீ சொன்னதால அவரிட்டக் கெஞ்சி வாங்கினது. கோட்டையும் மாத்து உடுப்பையும் கண்டிட்டு, இவன் தலைமறைவாகப் போறான் எண்டு முடிவெடுத்திட்டினம். அகதியா ஏற்கச் சொல்லிப் போட்ட அசூல் வழக்குத் தோத்து, திருப்பி அனுப்பப் பயணப் பேப்பரும் ஆயத்தமாக் கிடக்கிற ஆள் எண்டால் அப்பிடித்தானே நினைப்பினம்.

தங்கச்சிக்கு நோட்ஸ் குடுக்க வந்தனான், வேணுமெண்டால் அவளையே கேளுங்கோ எண்டு உன்ர நம்பரைக் குடுத்தன். ஒருத்தன் பக்கத்து அறைக்குப் போய்க் கதைச்சுப்போட்டு வந்தான். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. திங்கக்கிழமை நீதவான் மூண்டு மாதத் தடுப்பு எண்டார்.

தாள் இங்க சாமான் அறையில பத்திரமா இருக்கு. றெயினில எடுத்துப் பாத்தனான். ஒவ்வொரு கட்டத்திலயும் முதல் இடத்தில ஒரே குறி, பிறகு ரெண்டு நோட்ஸ். மேல இருந்து கீழ வரை அப்பிடியே. அது என்ன குறி? கடைசியில ஆரோ பென்சிலால ஆறு கோடு கீறியிருக்கினம். அது என்ன?

தாள் இல்லாமலே வாசிச்சது சந்தோஷம்.

இப்படிக்கு
அண்ணா தீசன்


ஹம்பேர்க்
14.03.2004

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. பரீட்சை. மற்றபடி சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் அப்பிடித்தான் எழுதுவான்" என்றார்.

அந்தக் குறிக்குப் பொருள், வாசிக்காதே என்பது. வால்ட்ஸ் மூன்று அடி. முதல் அடியைப் பெரிய வாத்தியங்கள் எடுத்துக்கொள்ளும். ஆடுகிறவர்களின் கால் அதில்தான் தரையில் இறங்கும். வயோலாவுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும். பதினொரு நிமிடத்தில் ஒரு தடவைகூட எங்களுக்கு முதல் அடி வராது. முதல் அடிக்கு யாரோ பொறுப்பு, நாங்கள் பின்னால் போகிறோம். எனக்கு அது பிடிக்கும். இப்படி எழுதிப் பார்க்கும்போது பிடிக்கவில்லை.

வியன்னாவில் அந்தக் காலத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் மாசி மாதத்தில் ஒரு நடன விருந்து வைப்பார்களாம். மருத்துவ மாணவர்கள் ஒன்று, பொறியியலாளர்கள் ஒன்று. ஒவ்வொரு விருந்துக்கும் புதிதாக ஒரு வால்ட்ஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைப்பு அவர்களின் தொழிலைக் கிண்டல் செய்ய வேண்டும். இதன் தலைப்பு "ஒத்திவைப்பு". நீதிமன்றம் வழக்கை ஒத்திவைத்துவிட்டது, விடியும் வரை ஆடுங்கள் என்று பொருள். ஆடியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஒரு குளிர்காலம் ஆடிவிட்டு மறந்துவிட்டார்கள். அந்த ஆறு கோடு, அன்றிரவு மறுபடி மறுபடி கேட்டு எத்தனை தடவை வாசிக்க வைத்தார்கள் என்ற எண்ணிக்கை. இருட்டு மூலையில் இருந்த யாரோ ஒரு வயோலாக்காரனின் முறைப்பாடு.

என் குடியுரிமை விண்ணப்பம் மே மாதத்தில் முடிவாகும் என்று கடிதம் வந்திருக்கிறது. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். உங்கள் பெயருக்கும் செய்தாராம்.

லூடர்ஸ் மறுபடியும் கேட்டார். தாளை எப்படியாவது அனுப்ப முடியுமா?

அன்புடன்
சுஜானி


20.03.2004

அன்பான சுஜிக்கு,

நான் சுகம். பரீட்சை நல்லாச் செய்திருப்பாய், அதில எனக்குச் சந்தேகமில்லை.

நேற்று அந்தோனிப்பிள்ளை அண்ணை வந்தவர். "என்ர கோட்டைப் பொலிசுக்கு உடுத்திக் காட்டவோடா வாங்கினனி?" எண்டார். பிறகு கண் கலங்கிப்போட்டுது மனுசனுக்கு. தாளை அவரிட்டக் குடுத்துவிடுறன், அட்டை வைச்சுக் கட்டியிருக்கு, மடிக்கேல்லை.

என்ர சட்டத்தரணி பிறாண்ட் அம்மாவுக்கு இதில துண்டற விருப்பமில்லை. "நீ ஏன் ஹம்பேர்க் போனனி எண்டு காட்ட எங்களிட்ட இருக்கிறது இந்தத் தாள் ஒண்டுதான், இதையும் குடுக்கப்போறியோ" எண்டு ஏசினவ. நான் சொன்னன், தாள் என்னத்துக்கு, தங்கச்சி இருக்கிறாள், ரெண்டு வரி எழுதித் தருவாள் எண்டு. அவ உனக்குக் கடிதம் போடுவா. பெரிசா ஒண்டும் இல்லை. நான்தான் வரச்சொன்னனான், தாள் கொண்டு வந்தவர், அடுத்த நாள் காலமை திரும்ப இருந்தவர். இவ்வளவுதான். அதை வைச்சு, ஒளிக்கப் போனவன் இல்லை எண்டு காட்டி வெளியில எடுக்கலாமாம். வெளியில வந்தால் பேக்கரி முதலாளியின்ர கடிதத்தோட கருணை மனுப் போடலாமாம்.

அவ சும்மா ஆசை காட்டுற ஆள் இல்லை, அதால எழுதுறன். கொழும்பில எனக்கு ஒருத்தரும் இல்லை. எங்கட ஊர் எண்டு சொல்லுற இடம் ஆமியின்ர வேலிக்குள்ள. அம்மாவும் செத்துப்போட்டா. அங்க இப்ப சமாதானம் எண்டு சொல்லித்தான் அனுப்புகினம். எங்க போய் இறங்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

அந்த ஒத்திவைப்புக் கதை நல்லாயிருக்கு. பக்கத்துக் கட்டில் குர்திஷ் பெடியனுக்கும் சொன்னன். அவன் சிரிக்கேல்லை.

இப்படிக்கு
அண்ணா தீசன்


ஹம்பேர்க்
15.04.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இடையில் காய்ச்சல் வந்துபோனது. இப்போது பரவாயில்லை.

தாள் வந்து சேர்ந்தது. லூடர்ஸ் அதை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். "எங்கே போயிருந்தது இது?" என்று கேட்டார். டோர்ட்மண்டில் மறந்துவிட்டேன் என்றேன். "மறதி இளம் ஆட்களுக்கு வரக்கூடாது" என்றார்.

ஈஸ்டருக்கு டோர்ட்மண்ட் போகவில்லை. விடுதியில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் இருந்து வாசித்தேன். பழைய காலத்து ருஷ்ய நாவல் ஒன்று. அதிலும் நடன விருந்து வருகிறது. அந்த நாவல்களில் யாராவது ஒருத்தி சுவரோரம் நின்று, யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வாத்தியக்காரர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பிறாண்ட் அம்மாவின் கடிதம் வந்தது. மேசையில் இருக்கிறது. எழுதுவேன். கோர்ட்டுக்குப் போகிற கடிதம், ஒரு சொல் பிழைத்தால் பிறகு திருத்த முடியாது. அதனால் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

உங்களுக்கு வரும் கடிதங்களை அங்கே யாராவது பிரித்து வாசிக்கிறார்களா?

அம்மா உங்களுக்கு மிளகாய்த்தூள் அனுப்பலாமா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்
சுஜானி


20.04.2004

அன்பான சுஜிக்கு,

காய்ச்சல் எண்டு எழுதியிருக்கிறாய். கொத்தமல்லி அவிச்சுக் குடி. நான் சுகம்.

எங்கட கடிதத்தை வாசிக்கிறதெண்டால் இவை முதல்ல ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடிச்சு உள்ள போடவேணும். பயப்பிடாதை. மிளகாய்த்தூள் விடமாட்டினம், வெடிமருந்து எண்டு நினைப்பினம்.

விசாரணை இருபத்தேழாம் தேதி, காலமை பத்து மணி. பொலிசின்ர கோப்பு இப்பத்தான் பிறாண்ட் அம்மாவின்ர கைக்கு வந்திருக்கு. கொண்டுவந்து பக்கம் பக்கமா வாசிச்சவ. ஒரு பக்கத்தில உன்ர பேர் வந்தது. எனக்கு அந்த நேரம் சரியான தலையிடி. இதை விட்டிட்டு அடுத்ததை வாசியுங்கோ எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைக் கொஞ்ச நேரம் பாத்தவ. பிறகும் ஒருக்காச் சொன்னவ, தங்கச்சி இப்ப எழுதினாலும் பிந்தேல்லை எண்டு.

எனக்காக எழுது எண்டு நான் கேக்கமாட்டன். இருபத்தாறாம் தேதிக்குள்ள அவவுக்குக் கிடைச்சால் காணும் எண்டு மட்டும் சொல்லுறன்.

உடம்பைப் பார்.

அண்ணா தீசன்


28.04.2004

சுஜிக்கு,

உன்ர காய்ச்சல் மாறியிருக்கும் எண்டு நினைக்கிறன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

நேற்று விசாரணை முடிஞ்சுது. இருபது நிமிஷம். உன்ர கடிதம் வருமெண்டு பிறாண்ட் அம்மா அண்டு காலமையும் தன்ர கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டவ. நீதவான் நல்ல மரியாதையான ஆள். அந்தத் தாள் எங்க எண்டார். திருப்பிக் குடுத்தாச்சு எண்டன். "ஏன் குடுத்தனீர்?" அது மற்ற ஆக்களின்ர சாமான் ஐயா எண்டன். எழுதுறவள் தலையை நிமித்திப் பாத்திட்டுத் திரும்பவும் எழுதினாள். பிறகு அவர் கோப்பில ஒரு பக்கம் சத்தமா வாசிச்சார். அதை இங்க எழுதத் தேவையில்லை.

தடுப்பு சரியாம். மே பன்னிரண்டு பிளேன். பிறாண்ட் அம்மா இன்னும் விடேல்லை, கடைசி நாள் வரை மனுப் போடலாம் எண்டு நிக்கிறா.

வெள்ளிக்கிழமை உன்ர விருந்து. நல்லா வாசி.

தீசன்


ஹம்பேர்க்
01.05.2004

அன்புள்ள அண்ணா,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

பொலிஸ்காரர் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குகதீசன் என்பவரை இன்று இங்கே வரச் சொன்னீர்களா?" இல்லை என்றேன். உறவுதான், ஆனால் அவர் வருவதே எனக்குத் தெரியாது என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் திரும்பிப் போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்து தொடங்கினார்கள்.

பயத்தில் சொன்னேன் என்று எழுதலாம். அது உண்மையில்லை. யோசித்துத்தான் சொன்னேன். துண்டில்லாமல் வரச்சொன்னது குற்றத்துக்கு உடந்தை, குடியுரிமை விண்ணப்பம் கந்தோரில் இருக்கிறது. இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. இவ்வளவு புத்தகம் வாசித்தவள், அந்த ஒரு நொடியில் எனக்கு எந்தப் புத்தகமும் நினைவு வரவில்லை.

பிறகு தாளைக் கேட்டு எழுதினேன். லூடர்ஸ் கேட்டது உண்மை. ஆனால் அது அங்கே உங்கள் கையில் இருக்கும்வரை நான் சொன்னது பொய் என்பதற்கு ஒரு சாட்சி இருந்தது. அதையும் நான் யோசித்திருந்தேன். நீங்கள் அட்டை வைத்துக் கட்டி அனுப்பினீர்கள்.

நேற்று வாசித்தோம். ஒவ்வொரு கட்டமாக முதல் அடியில் கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனம் ஆடியது. இன்னொரு தடவை கேட்டார்கள். வாசித்தோம்.

இதனுடன் என் வாக்குமூலம் இருக்கிறது. கையெழுத்து வைத்திருக்கிறேன். நான்தான் வரச் சொன்னேன், பொலிசுக்குப் பொய் சொன்னேன் என்று முழுவதும் எழுதியிருக்கிறேன். பிறாண்ட் அம்மாவுக்கு நேரே அனுப்பியிருக்கலாம். நீங்கள் முதலில் வாசிக்க வேண்டும் என்று உங்களுக்கு அனுப்புகிறேன். திங்கள் காலையில் விரைவுத் தபாலில் போடுவேன். கிடைத்த உடனே அவரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

சுஜானி


கொழும்பு
29.05.2004

அன்பான சுஜிக்கு,

சுகமா வந்து சேந்தன். கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில நிக்கிறன். விலாசம் பின்பக்கத்தில. சரியான வெக்கை. ஆறு வருஷத்தில உடம்பு இதை மறந்துபோச்சு. விமான நிலையத்தில எட்டு மணித்தியாலம் வைச்சுக் கேள்வி கேட்டவை, பிறகு விட்டிட்டினம்.

உன்ர கடிதம் ஆறாம் தேதி கிடைச்சது. ரெண்டு தரம் வாசிச்சன். வாக்குமூலத்தைப் பற்றி பிறாண்ட் அம்மாவோட கதைச்சனான். அதைக் குடுத்தால் மிஞ்சி மிஞ்சி ரெண்டு கிழமை தள்ளிப் போடலாம், அவ்வளவுதான் எண்டவ. ரெண்டு கிழமைக்காக உன்ர பேப்பரை ஏன் பழுதாக்குவான்? வேண்டாம் எண்டு விட்டிட்டன். அதால நீ ஒண்டையும் மனதில வைச்சிருக்காதை. எழுதினாலும் இதுதான் நடந்திருக்கும்.

சின்னம்மாவிட்ட நான் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லு. அந்தோனிப்பிள்ளை அண்ணையின்ர கோட்டு முகாமில விடுபட்டுப் போச்சு, அவரிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு.

அண்ணா தீசன்


ஹம்பேர்க்
20.06.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமா? ஒழுங்காகச் சாப்பிட இடம் இருக்கிறதா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. உங்கள் படத்தைச் சாமி அறையில் வைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவரின் படத்தை அங்கே வைக்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

குடியுரிமை கிடைத்துவிட்டது. எட்டாம் தேதி போய்க் கையெழுத்து வைத்தேன். எல்லோருக்கும் கைகொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் பிறாண்ட் அம்மாவிடம் போனேன். உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு கிழமை என்ற பேச்சை அவர் வாயால் கேட்க விரும்பினேன். கேட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

அவருக்கு என் வாக்குமூலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் காட்டவே இல்லை. "பன்னிரண்டாம் தேதி காலையிலும் உங்கள் அண்ணாவிடம், தங்கையிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்றார்" என்றார். வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். நிச்சயமாக வென்றிருப்போம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பறப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்பேன் என்றார். பிறகு, வெளியே மழை, குடை இருக்கிறதா என்று கேட்டார்.

ஆறு நாள் அது உங்கள் கையில் இருந்திருக்கிறது. ஏன் அண்ணா?

எனக்காகவா? அல்லது இனி என்னிடமிருந்து ஒன்றும் வாங்கக்கூடாது என்றா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். ஏச வேண்டும் என்றால் ஏசுங்கள்.

சுஜானி


கொழும்பு
02.08.2004

சுஜானிக்கு,

சுகம். சின்னம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்லு. பேப்பர் கிடைச்சது நல்லது.

கேட்டாய், சொல்லுறன். அந்தப் பேப்பரை நான் கிழிச்சனான். கிடைச்ச அண்டே. அன்பில கிழிச்சனான் எண்டு உனக்கு எழுத ஆசைதான். கோபத்தில எண்டு எழுதினால் உனக்கு அது இன்னும் லேசா இருக்கும். நான் இங்க வந்து கனநாள் யோசிச்சன். எது எண்டு எனக்கே தெரியாது. நாலு துண்டாக் கிழிச்சனான், அது மட்டும் தெரியும்.

அதுக்குப் பிறகு நீ போட்ட மற்றக் கடிதமும் போன கிழமை வந்தது, பிரிக்கேல்லை. ஜேர்மன் முத்திரையைக் கண்டிட்டு லொட்ஜ் முதலாளி, வெளிநாட்டில ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டார். அடுத்த நாள் தெரியாத ரெண்டு பேர் வந்து கதவைத் தட்டி அதையே கேட்டவை. ஒருத்தரும் இல்லை எண்டன். வெள்ளிக்கிழமை இந்த இடத்தை விடுறன்.

இனி இந்த விலாசத்துக்கு எழுதாதை. புது இடத்தில நிலைச்சால் நானே எழுதுவன். எழுதாட்டி, ஏன் எண்டு பிறாண்ட் அம்மாவிட்டயோ வேற ஆரிட்டயுமோ போய்க் கேட்டுக்கொண்டு திரியாதை.

குகதீசன்